மோட்டார் ஓடினால் லிங்க் போகும்

மூன்று நாளாக ஒரு மில்லில் இதே கதை. பெரிய மோட்டார் வேகம் எடுக்கும்போதெல்லாம் பிஎல்சிக்கும் (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) கன்ட்ரோல் ரூம் திரைக்கும் நடுவே தொடர்பு அறுந்துவிடும். நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் போச்சு என்று முடிவு கட்டி இரண்டு முறை மாற்றியும் பார்த்துவிட்டார்கள். பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கேபிள் டிரேயைத் திறந்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பவர் கேபிளோடு ஈதர்நெட் கேபிள் 30 மீட்டருக்கு ஒட்டி உறவாடிக்கொண்டு போகிறது. அதுவும் ஷீல்டு (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) இல்லாத சாதா ஆபீஸ் கேபிள். டிரைவ் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னழுத்தத்தை வெட்டி வெட்டி அனுப்பும். அந்த இரைச்சல் பக்கத்து கேபிளில் ஏறாமல் என்ன செய்யும்?

தனி டிரேயில் ஷீல்டு கேபிள் இழுத்தோம். பவர் கேபிளைக் கடந்தே ஆக வேண்டிய இடத்தில் மட்டும் 90 டிகிரியில் குறுக்கே. அப்புறம் ஸ்விட்ச்சின் எர்த் திருகைப் பார்த்தேன், வயரே இல்லை. ஸ்விட்ச்சை மாட்டியிருக்கும் உலோகப் பட்டையான டின் (DIN) ரெயிலே எர்த்துக்குப் போதும் என்று விட்டிருக்கிறார்கள்; ரெயிலோ பெயின்ட் அடித்த தகட்டின் மேல்! பெயின்ட்டைச் சுரண்டி, குட்டையான பின்னல் பட்டையால் எர்த் பாருக்கு இணைத்தோம். அதன்பிறகு லிங்க் அறுபடவே இல்லை.

அடுத்து, பக்கத்துக் கட்டடத்துக்கும் நெட்வொர்க் இழுக்க வேண்டும், தூரம் 80 மீட்டர். "100 மீட்டருக்குள்தானே சார், காப்பரே போதுமே" என்றார் மேலாளர். இரண்டு கட்டடத்து எர்த்துக்கும் மின்னழுத்த வித்தியாசம் இருந்தால் ஷீல்டு வழியே கரண்ட் ஓடும், இடி இறங்கினால் கேட்கவே வேண்டாம். மின்சாரம் கடத்தாத ஃபைபர்தான் (கண்ணாடி இழை கேபிள்) என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பட்ஜெட் வரட்டும் என்கிறார்.