சாம்பலில் எந்தச் சாம்பல்?

ஜனவரி 5

பெட்டியைப் பிரித்தாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் டைப் 7சி நீர்மூழ்கிக் கப்பலின் பிளாஸ்டிக் மாடல், 1:72 அளவு. நிஜக் கப்பல் 67 மீட்டர் என்பதால் மாடல் 93 சென்டிமீட்டர் வருகிறது. மேஜையில் இனி வேறு எதுவும் வைக்க முடியாது.

கூட வந்த வண்ணத் தாளில் மேலே வெளிர் சாம்பல், கீழே அடர் சாம்பல், அவ்வளவுதான். எந்த வருஷத்துக் கப்பல் என்று ஒரு வார்த்தை இல்லை. பெயிண்ட் பாட்டிலைத் தொடும் முன்பே அதைத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே கப்பலைப் போர்க்காலத்தில் பலமுறை மறுபடி பெயிண்ட் அடித்திருப்பார்கள். கப்பலின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, மாதமும் தெரிய வேண்டும்.

யு-96 என்று வைத்துக்கொண்டேன். 1941 இலையுதிர்காலம். தளத்துக்கு மேலே எழுந்து நிற்கும் கோபுரத்தில் சிரிக்கும் ரம்ப மீன் சின்னம் இருந்த கப்பல்.

ஜனவரி 7

தேதியை முடிவு செய்ததும் பாதி வேலை தானாக முடிகிறது. 1941 என்றால் முன் தளத்தில் 8.8 செ.மீ. பீரங்கி இருக்க வேண்டும். 1943 முதல் பெரும்பாலான 7சி கப்பல்களில் அதைக் கழற்றிவிட்டு, கோபுரத்தின் பின்பக்கத்தை நீட்டி விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை ஏற்றினார்கள். நீட்டிய கோபுரத்துக்கு 1941 வண்ணம் அடித்து வைத்திருக்கும் மாடல்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

ஜனவரி 11

அருங்காட்சியகக் கப்பலைப் பார்த்து வண்ணம் எடுக்கலாமே என்று நண்பர் கேட்டார். கூடாது என்றேன். டைப் 7 வகையில் இன்று முழுசாக மிஞ்சியிருப்பது ஜெர்மனியின் லாபோ கடற்கரையில் நிற்கும் யு-995 மட்டும்தான். அது போருக்குப் பிறகு நார்வே கடற்படையில் வேறு பெயரில் ஓடியது. 1972 முதல் கடற்காற்றில் நிற்கிறது. அதன் மேல் இப்போது தெரிவது பராமரிப்புக்காரர்கள் அடித்த பெயிண்ட். சிகாகோவில் இருக்கும் யு-505 கதையும் அப்படித்தான்: 1944 ஜூன் 4 அன்று அமெரிக்கர்கள் பிடித்தார்கள், 1954-இல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதுவும் டைப் 9, வேறு வகை. வளைவு, துளைகளின் வரிசை இதற்கெல்லாம் அருங்காட்சியகக் கப்பலைத் தாராளமாகப் பார்க்கலாம். வண்ணத்துக்கு வேண்டாம்.

ஜனவரி 15

கறுப்பு வெள்ளைப் படங்களோடு உட்கார்ந்தேன். தண்ணீருக்குக் கீழே இருக்கும் பகுதி பல படங்களில் கறுப்பாகத் தெரியும். அது அடர் சாம்பலா, சிவப்பா? கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அடித்த பெயிண்டில் இரண்டும் உண்டு. ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதனால் சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும். பான்க்ரோமாட்டிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் உணரும், அதில் சிவப்பு நடுத்தரச் சாம்பலாக வரும். அந்தக் காலத்தில் இரண்டும் புழக்கத்தில் இருந்தன. எந்த ஃபிலிம் என்று படத்தில் யார் எழுதி வைத்தார்கள்?

படத்தில் கொடி இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். ஜெர்மன் போர்க்கொடியின் தளம் சிவப்பு. அந்தத் தளம் அதே கொடியின் கறுப்புக் கோடுகள் அளவுக்கே இருண்டு கிடந்தால், அந்தப் படத்தை வைத்து அடிப்பாகம் பற்றி எதையும் சொல்ல முடியாது. சிவப்பும் கறுப்பும் தனித்தனியாகத் தெரிந்தால் கொஞ்சம் நம்பலாம். லென்ஸில் நிற வடிகட்டி போட்டிருந்தால் இந்தக் கணக்கும் மாறும், சரி, அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை.

எனக்கு அடர் சாம்பல்தான். ஜெர்மன் நீர்மூழ்கிகளின் அடிப்பாகத்துக்கு அதுதான் வழக்கமான பெயிண்ட்.

ஜனவரி 19

மேல்பகுதிக்கு ஹெல்கிராவ் 50, அதாவது ஜெர்மன் கடற்படையின் வெளிர் சாம்பல். நிறங்களுக்கு எண் கொடுக்கும் இன்றைய ரால் வண்ண அட்டையில் 7001 அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். அடர் சாம்பல் என்று பொருள்படும் டுங்கெல்கிராவ் 51-க்கு ரால் 7000 சொல்வார்கள். அட்டையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 7000 அப்படியொன்றும் அடர்த்தியில்லை, லேசாக நீலம் ஓடுகிறது. புதிதாக வருபவர்கள் 51 என்றதும் கரிய சாம்பலை எடுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு வெளிர் நிறம்? எதிரி எங்கிருந்து பார்க்கிறான் என்பதுதான் விஷயம். அட்லாண்டிக்கில் இந்தக் கப்பல்கள் இரவில் மேலே மிதந்தபடி தாக்கின. இரவிலும் வானம் கடலைவிட வெளிச்சமாக இருக்கும், அதன் முன் கறுப்பு உருவம் எடுப்பாகத் தெரிந்துவிடும். பசிபிக்கில் அமெரிக்கர்கள் விமானத்துக்குப் பயந்து முதலில் முழுக்கக் கறுப்பு அடித்தார்கள். 1944-இல் பக்கவாட்டுக்குச் சாம்பலும் தளத்துக்குக் கறுப்பும் என்று மாற்றிக்கொண்டார்கள். மத்தியதரைக் கடலின் தெளிந்த தண்ணீரில் பிரிட்டிஷ்காரர்கள் கருநீலம் அடித்தார்கள்.

ஜனவரி 24

வேண்டாத பிளாஸ்டிக் துண்டுகளில் சோதனை. கறுப்பு பிரைமர் (முதல் பூச்சு) மேல் அடித்த சாம்பலும் வெள்ளை பிரைமர் மேல் அடித்த சாம்பலும் ஒரே பாட்டில் என்று சொன்னால் நம்ப முடியாது. பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் போட்டதும் இரண்டும் இன்னும் ஒரு படி வெளுத்தன. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிறம், எல்இடி விளக்கில் வேறு நிறம். மாடல் நிற்கப்போகும் அலமாரியின் விளக்கிலேயே பார்த்து முடிவெடுத்தேன்.

சின்ன அளவில் நிறம் கனமாகத் தெரியும், வெள்ளை கலக்க வேண்டும் என்பார்கள். மேல் சாம்பலில் மட்டும் துளி கலந்தேன். அடிப்பாகத்தில் கலந்தால் சிமென்ட் மாதிரி ஆகிவிடும்.

ஜனவரி 31

ஏர்பிரஷ் வேலை முடிந்தது. நீர்க்கோட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டத்தான் நேரம் போயிற்று.

அப்புறம் தளம். மரப்பலகைதான், ஆனால் தேக்கு நிறம் அடிக்கக்கூடாது. தார் போன்ற கரும்பூச்சு அடித்திருப்பார்கள். கரும் சாம்பலைக் கொடுத்து, பீரங்கியைச் சுற்றி ஆட்கள் மிதித்த இடத்தில் மட்டும் பழுப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தேன்.

பிப்ரவரி 4

துரு எவ்வளவு வேண்டும் என்பதும் தேதியைப் பொறுத்ததுதான். யு-96 அக்டோபர் கடைசியில் பிரான்ஸின் செயின்ட் நஸேர் துறைமுகத்திலிருந்து கிளம்பி டிசம்பர் முதல் வாரத்தில் திரும்பியது. கிளம்பும் நாள் என்றால் சுத்தமாக இருக்கும். நான் திரும்பும் வாரத்தை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் வடியும் துளைகளுக்குக் கீழே நேர்செங்குத்தாக மெல்லிய கோடுகள், கப்பல் முகப்பில் கொஞ்சம் அதிகம். கோபுரத்தில் ரம்ப மீன் டீக்கலை (ஒட்டுப்படம்) நாளை ஒட்டிவிட்டு, அதன் ஓரங்களையும் இதே துரு நிற வாஷில் (நீர்த்த பெயிண்ட்) கொஞ்சம் மங்கவைக்கப் போகிறேன்.