அந்த மூன்று நிமிடம்

"மயக்க ஊசிதானே போடப் போறீங்க, அதுக்கு முன்னாடி எதுக்கு டாக்டர் இந்த மாஸ்க்?"

இன்று காலை ஆபரேஷன் டேபிளில் படுத்திருந்த ஒரு பெரியவர் கேட்டது. நியாயமான கேள்வி.

மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் 2 லிட்டருக்கு மேல் காற்று தங்கியிருக்கும். அதில் பெரும்பகுதி நைட்ரஜன். இந்த மாஸ்க் வழியாக 3 நிமிடம் சுத்தமான ஆக்சிஜனை நிதானமாக இழுத்து விட்டால் நைட்ரஜன் வெளியேறி, அந்த இடமெல்லாம் ஆக்சிஜன் சேமிப்பாக மாறிவிடும்.

மருந்து ஏறியதும் மூச்சு நின்றுவிடும். தொண்டையில் குழாய் போடும் வரை உடம்பு அந்தச் சேமிப்பில்தான் ஓடும்.

சேமிக்காவிட்டால் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆக்சிஜன் சரியும். சேமித்திருந்தால் ஆரோக்கியமானவருக்கு 8 நிமிடம் வரைகூடத் தாங்கும். கர்ப்பிணிகள், குழந்தைகள், உடல் பருமன் உள்ளவர்களுக்கு இவ்வளவு அவகாசம் கிடைக்காது.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் மாஸ்க்கின் ஓரம்தான். தாடி, பல் விழுந்து ஒட்டிய கன்னம், பயத்தில் மாஸ்க்கைத் தள்ளும் கை. சின்ன இடைவெளி போதும், அறைக்காற்று உள்ளே புகுந்துவிடும். அப்போது மாஸ்க்கோடு இணைந்த ஆக்சிஜன் பை மூச்சோடு சேர்ந்து சரியாக அசையாது, மானிட்டரில் வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் அலைக்கோடும் குட்டையாகிவிடும். முகத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் மாஸ்க்கால் பெரிய பயனில்லை.

விரலில் மாட்டிய கருவி 100 காட்டுகிறதே என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. அது ரத்தத்தின் கணக்கு. நுரையீரலின் கணக்கு வெளிமூச்சில் தெரியும்: அங்கே ஆக்சிஜன் 90 சதவீதத்தைத் தொட வேண்டும்.