சேற்றில் எண்ணிய நாற்பது ஊரி

1982இல் உயர்தர வகுப்பில் இருந்தபோது சூழலியல் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. குடித்தொகை என்றால் ஓரிடத்தில் வாழும் ஓரினத்தின் கூட்டம். பல குடித்தொகைகள் சேர்ந்தால் சாகியம். அதனோடு மண், நீர், வெயில் எல்லாம் சேர்ந்தால் சூழற்றொகுதி. அந்தப் பெயரை 1935இல் வைத்தவர் டான்ஸ்லி. உணவுச் சங்கிலியின் ஒரு படியான போசணை மட்டத்தின் சக்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த மட்டத்துக்குப் போகும். நடுச்சாமத்தில் தட்டி எழுப்பினாலும் ஒப்புவிப்பேன். விளங்கியதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை விலங்கியல் சேர் எங்களை யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றுக் கடனீரேரிக் கரைக்குக் கூட்டிப்போனார். இறங்கிய உடனேயே உப்புச் சேற்றில் வளரும் கண்டல் வகையான கண்ணா மரத்து இலையைப் பிடுங்கித் தந்து, "நக்கிப் பாருங்கோடா" என்றார். உப்பு! வேரோடு ஏறி வருகிற உப்பை இலையில் இருக்கும் சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றன. வெயிலில் அது பொடியாய்ப் படிந்து கிடக்கிறது. மரத்தைச் சுற்றிப் பென்சில்களை நட்டுவைத்ததுபோல மூச்சுவேர்கள். சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லை என்பதால் வேரே மேலே வந்து காற்று வாங்குகிறது. அதே சேற்றில் என் வலது கால் முழங்கால் வரை போனது. கால் திரும்பி வந்தது, செருப்பு வரவில்லை. கூடவே கூழ்முட்டை நாற்றம். ஒட்சிசன் இல்லாமலே சீவிக்கும் பற்றீரியாக்கள் விடும் ஐதரசன் சல்பைட்டு அது என்று சேர் சொன்னபோது, செருப்பை இழந்தவனுக்குப் பாடம் நடத்துகிறாரே என்று எரிச்சல்தான் வந்தது.

பிறகு இரண்டு கோஷ்டியாகப் பிரித்து, கோஷ்டிக்கொரு மரச்சட்டம் தந்தார். நீளமும் அகலமும் ஒரு மீற்றர். எங்கள் சட்டம் வெட்டவெளிச் சேற்றில் விழுந்தது. மற்றக் கோஷ்டியின் சட்டம் மரங்களுக்கு அடியில். சட்டத்துக்குள் கிடக்கும் ஊரிகளை, அதாவது சின்னச் சேற்று நத்தைகளைப், பொறுக்க வேண்டும், 40 ஆனதும் நிறுத்த வேண்டும். எங்களுக்கு நாலு வகை அகப்பட்டது, அவர்களுக்கும் நாலு வகை. சரி, சமன் என்று நினைத்துக் கொப்பியை மூடப் போனேன்.

சேர் விடவில்லை. வகைவகையாகப் பிரிக்கச் சொன்னார். எங்களிடம் ஒரே வகையில் 37, மற்ற மூன்று வகையிலும் ஒவ்வொன்று. அவர்களிடம் 13, 11, 9, 7. எல்லாவற்றையும் திரும்ப வாளியில் போட்டு, "கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு எடு பாப்பம்" என்றார். எடுத்தேன். இரண்டும் ஒரே வகை. திரும்ப எடுத்தேன், அதுவும் அப்படியே. மற்றக் கோஷ்டியில் எடுத்தவனுக்குப் பெரும்பாலும் வேறுவேறாக வந்தன. கணக்குப் போட்டால், எங்கள் வாளியில் இரண்டும் ஒன்றாய் வர நூற்றுக்கு 85 வாய்ப்பு, அவர்கள் வாளியில் 24தான். அந்த வாய்ப்பு கூடக்கூட, வகைவகையாக இருப்பது குறைவு என்று அர்த்தம். சிம்சன் என்ற பிரித்தானியர் 1949இல் சொன்ன கணக்கு இது. அந்த மனிதர் போர்க்காலத்தில் எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் வேலையில் இருந்தவர் என்பது பிற்காலத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. (விடுதியில் இருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நாலு கறி என்பார்கள், மற்ற மூன்று கறி எந்த நாளில் வந்தது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.)

ஏன் இப்படி என்பதையும் எங்கள் வாயாலேயே சொல்லவைத்தார். வெட்டவெளியில் பகல் முழுக்க வெயில், சேறு சுடுகிறது, உப்பு ஏறுகிறது. அதை நன்றாகத் தாங்கக்கூடிய வகை ஒன்றுதான். ஆனால் போட்டிக்கு ஆள் இல்லாததால் அது கொட்டிக் கிடக்கிறது. மரத்தடியில் நிழல், வேரிடுக்கு, உக்கிய இலை, ஈரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலை கிடைக்கிறது. 'வாழிடம்' என்று மனப்பாடம் செய்த சொல் அன்றைக்குத்தான் எனக்குக் கண்ணில் தெரிந்தது.

ஓரிடத்து உயிர்கள் எவ்வளவு வகைவகையாக இருக்கின்றன என்பதைக் குறிக்கும் உயிர்ப் பல்வகைமை என்ற சொல்லே அப்போது எங்கள் கொப்பியில் இல்லை. ஆங்கிலத்தில் biodiversity என்ற ஒற்றைச் சொல் புழக்கத்துக்கு வந்தது 1986இல் வாஷிங்டனில் நடந்த ஒரு மாநாட்டை ஒட்டி. 1992 ரியோ மாநாட்டுக்குப் பிறகுதான் அது ஊரெல்லாம் பரவியது. கனடா வந்த பிறகு ஒரு பத்திரிகையில் அதைக் கண்டபோது, எனக்கு ஞாபகம் வந்தது அந்த வாளிதான்.

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையோரங்களில் கண்டல் நடுவதில் எல்லோருக்கும் ஆர்வம் பிறந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் பல இடங்களில் நட்டது றைசோபோறா எனப்படும் ஒரே வகை. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய்போல் தொங்கும். பிடுங்கிச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது. எந்தச் சேற்றில், எவ்வளவு நேரம் நீர் நிற்கும் இடத்தில் என்று பார்க்காமல் குத்தியதால் ஏராளமான கன்றுகள் பட்டுப்போயின. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் செய்திகளை வாசிக்கும்போதெல்லாம், எத்தனை வகை, வகைக்கு எத்தனை என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

போன வருடம் எங்கள் சங்கத்தின் இராப்போசனத்தில், மரத்தடிக் கோஷ்டியில் இருந்த ஒருவன் நாற்பது வருடத்துக்குப் பிறகு எதிரே வந்து நின்றான். தலைமுடி போய்விட்டது, குரல் மாறவில்லை. கையைக் கூடத் தரவில்லை. என் கால்களைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மச்சான், ரெண்டு சப்பாத்தும் இருக்குது போல" என்றான்.