போன்ஃபிம் குன்றில் மூன்று முடிச்சு

பிரேசிலின் சால்வடார் நகரத்துக்குப் போகிறவர்களில் பலர் மேல்நகரத்துப் பழைய பகுதியான பெலூரீஞோவோடு திரும்பிவிடுகிறார்கள். நானும் இரண்டு நாள் அங்கேயே சுற்றினேன். உள்ளே முழுக்கத் தங்கமாக மின்னும் சான் ஃபிரான்சிஸ்கோ தேவாலயத்தில் கண் கூசியதே தவிர, கும்பிடத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. போன்ஃபிம் குன்றில் இருக்கும் இயேசு கோவிலுக்குக் கிளம்பினேன். தங்கியிருந்த வீட்டு அம்மாள் என் கறுப்புச் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். காரணம் அப்புறம்தான் புரிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், தங்கள் தெய்வமான ஒஷாலாவை இங்குள்ள இயேசுவோடு சேர்த்து வணங்கினார்கள். ஒஷாலாவுக்கு உகந்த நாள் வெள்ளி, உகந்த நிறம் வெள்ளை. அன்று தெருவில் பாதிப் பேர் வெள்ளை உடையில் நடந்தார்கள். திரும்பிப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டேன்.

குன்றுக்குப் போகும் வழியில் ரோமா என்ற இடத்தில் புனித துல்சேயின் கோவில். ஒரு காலத்தில் சினிமா தியேட்டர் இருந்த இடம் அது. 1949இல் எழுபது நோயாளிகளைப் படுக்கவைக்க இடமில்லாமல், கன்னியர் மடத்துக் கோழிக்கூட்டைக் கேட்டு வாங்கிய கன்னியாஸ்திரி துல்சே. அது இன்று பெரிய ஆஸ்பத்திரி. 2019இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. பிரேசிலில் பிறந்த பெண்களில் அவர்தான் முதல் புனிதர். கல்லறை முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். பக்கத்தில் மருந்துச் சீட்டைக் கையில் வைத்தபடி ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

போன்ஃபிம் கோவில் சிறிய குன்றின் மேல், இரண்டு கோபுரங்களோடு வெள்ளையாக நிற்கிறது. தெயோதோசியோ ரோட்ரிகஸ் டி ஃபரியா என்ற போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர் 1745இல் சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலையைக் கொண்டுவந்தார். புயலில் உயிர் தப்பியதற்கான நேர்த்திக்கடன் என்கிறார்கள். 1754இல் சிலை குன்றேறியது. போன்ஃபிம் என்றால் நல்ல முடிவு.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, கீழ்நகரத்துத் தேவாலயம் ஒன்றிலிருந்து எட்டு கிலோமீட்டர் ஊர்வலமாக வந்து, வெள்ளைப் பாவாடை கட்டிய, இந்தப் பாயியா மாநிலத்துப் பெண்கள் இந்தப் படிகளை வாசனை நீரால் கழுவுகிறார்கள். முன்பு உள்ளேயும் கழுவினார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருச்சபை தடுத்துவிட்டது. தெய்வத்தின் வாசலையாவது விடமாட்டோம் என்று படிக்கட்டைப் பிடித்துக்கொண்டவர்களை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

உள்ளே பக்கவாட்டில் அற்புதங்களின் அறை. கூரையிலிருந்து மெழுகுக் கைகள், கால்கள், தலைகள், இதயங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. சுவர் முழுக்க போட்டோக்கள். உடன் வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஒருமாதிரி முகம் சுளித்தார்கள். எனக்கு அது உருவாரம். இதற்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஒரு மெழுகு முழங்காலின் கீழ் நின்றபோது ஊரில் மாடிப்படி ஏற முடியாத அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

வெளியே கம்பிவேலி தெரியாதபடி ரிப்பன்கள் காற்றில் படபடக்கின்றன. ஒவ்வொன்றும் 47 சென்டிமீட்டர். சிலையின் கை நீளம் என்கிறார்கள். மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி மூன்று முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுக்கு ஒரு வேண்டுதல். மூன்று முடிச்சு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு விஷயம், போகட்டும். இதை வேறொருவர்தான் கட்டிவிட வேண்டும். அறுக்கக் கூடாது, தானாக அறுந்து விழுந்தால் பலித்துவிடும்.

படியில் விற்றுக்கொண்டிருந்த கிழவி வெள்ளை ரிப்பனை எடுத்துக் கட்டிவிட்டார். முதல் முடிச்சு அம்மாவின் முழங்காலுக்கு. இரண்டாவதைச் சொல்லப்போவதில்லை. மூன்றாவதுக்கு எதுவும் தோன்றவில்லை. கிழவி விரலில் நூலைப் பிடித்தபடி காத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் வேலியில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதுகொண்டே ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்ன கேட்கிறாளோ அதைக் கொடு என்றேன். முடிச்சு இறுகியது.

எட்டு மாதம் ஆகிறது. ரிப்பன் நிறம் மங்கி, எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. அம்மா போனில் வாரம் தவறாமல் கேட்கிறாள், "அந்த நூல் அறுந்துச்சாடா?" இன்னும் இல்லை.