எழுதும்போது மட்டும் திணறிய சேர்வர்

ஹட்டனில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் படிப்பகத்துக்குப் பழைய சேர்வர் ஒன்று கிடைத்தது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் சாதாரண தரப் பிள்ளைகள் டேட்டா செலவில்லாமல் கடந்தகால வினாத்தாள்களையும் பாடக் காணொளிகளையும் பார்க்க வேண்டும், அதற்காகத்தான். உபுண்டு சேர்வர் 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். அதற்கப்புறம் எதைச் செய்தாலும் இழுபறி. சின்ன மென்பொருள் ஒன்றை நிறுவவே நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

“மெமரி பத்தாது போல இருக்கு அண்ணே, இன்னொன்னு வாங்கிப் போடுவோமா?” என்று கேட்டான் கூட இருந்த தம்பி. காசு செலவழிக்கும் முன்னால் எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்ப்போம் என்றேன். ‘டாப்’ கட்டளை கொடுத்தால், மெமரி பாதிக்கு மேல் காலி. சிபியுவும் சும்மாதான் இருந்தது. ‘டபிள்யூஏ’ என்ற எண் மட்டும் இறங்கவே இல்லை. டிஸ்க் வேலையை முடிக்கட்டும் என்று சிபியு காத்துக் கிடக்கும் நேரம் அது.

ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்புமுறையில் புதிதாக அமைத்த பகிர்வில், ஐனோட் அட்டவணைகளை (கோப்புகளின் விவரங்களை வைக்கும் இடத்தை) இயங்குதளத்தின் மையமான கேர்னல் பின்னணியில் எழுதி முடிக்க கொஞ்ச நேரம் எடுக்கும். டிஸ்க்கை எது பயன்படுத்துகிறது என்று காட்டும் ‘ஐயோடாப்’பில் அந்த வேலை தெரிந்தது. சரி, முடியட்டும் என்று விட்டோம். முடிந்தது, வேகம் மட்டும் வரவில்லை. டிஸ்க்குகள் தங்கள் நிலையைத் தாங்களே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையிலும் கெட்டுப்போன செக்டர் எதுவும் இல்லை.

பெரிய கோப்பொன்றை வாசிக்கச் சொன்னால் சரளமாக வாசித்தது. சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒவ்வொன்றும் டிஸ்க்கில் பதிந்ததை உறுதி செய்துகொண்டு எழுதச் சொன்னால்தான் திணறியது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க், விநாடிக்கு 120 சுற்றுத்தான் சுற்றும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்தச் சுற்றுக்காகக் காத்திருந்தால் வேகம் எப்படி வரும்? மென்பொருள் நிறுவும்போது நடப்பது பெரும்பாலும் இப்படி எழுதுவதுதான்.

எங்கள் சேர்வரில் டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்ட் கார்டில், இதற்கென்றே ஒரு கேஷ், அதாவது தற்காலிக மெமரி, உண்டு. எழுத வேண்டியதை அதில் வாங்கி வைத்துக்கொண்டு, ‘பதிந்துவிட்டது’ என்று உடனே பதில் சொல்லிவிடும். இதுதான் ரைட்-பேக். மின்சாரம் போனாலும் கேஷில் இருப்பது அழியாமல் காக்க, எங்கள் கார்டில் சின்னதாக ஒரு பற்றரி இருக்கிறது. கார்டின் நிலையைப் பார்த்தோம். பற்றரி செத்துப்போயிருந்தது. அதனால் கார்டு தானாகவே ரைட்-துரூவுக்கு மாறி, ஒவ்வொன்றையும் நேரே டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது.

பற்றரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயப்படுத்தும் ஒரு தெரிவும் அங்கே இருந்தது. அதைப் போட்டால் அந்த நிமிடமே வேகம் வந்துவிடும். தம்பிக்கு ஆசைதான், ஆனால் நான் சம்மதிக்கவில்லை. இங்கே தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால், காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போவது வழக்கம். எங்கள் யூபிஎஸ்ஸும் பழசு. பதிந்துவிட்டதாகச் சொன்னது பதியாமலே போய் கோப்புமுறை குழம்பினால், பிள்ளைகள் அந்தக் கிழமை செய்துவைத்த பயிற்சிகள் எல்லாம் போய்விடும். மெதுவாக ஓடும் சேர்வரோடு சமாளிக்கலாம், பொய் சொல்லும் சேர்வரை நம்பிப் பிள்ளைகளை உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

கொழும்பிலிருந்து அதே மாதிரிப் பற்றரியை எடுப்பித்து மாட்டினோம். சார்ஜ் ஏறும்வரை பழைய மந்தம்தான். ஏறி முடிந்ததும் கார்டு தானாக ரைட்-பேக்குக்குத் திரும்பியது. நிமிடக்கணக்கில் இழுத்த நிறுவல்கள் விநாடிகளில் முடிந்தன.

இப்போது தினமும் காலையில் பற்றரியின் நிலையைப் பார்த்து, குறை இருந்தால் எனக்கு மின்னஞ்சல் அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டிருக்கிறோம். தம்பிதான் எழுதினான்.