பனிப்பாதையில் ஆடி க்யூ7: சோலங் முதல் சிஸ்ஸு வரை

தில்லி மயூர் விஹாரில் டிசம்பர் மாதம் நான்கு தமிழ்க் குடும்பங்கள் கூடினால், பேச்சு காற்று மாசில் தொடங்கி மணாலியில் போய் முடியும். அந்தப் பேச்சில் அண்மைக்காலமாக ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் கொண்ட விலையுயர்ந்த எஸ்யூவி ஒன்று கையில் இருந்துவிட்டால், பனியெல்லாம் ஒரு பொருட்டே அல்ல என்பதுதான் அது. என் மைத்துனர் இந்தக் கட்சியின் தீவிர உறுப்பினர். ஆடி க்யூ7 வைத்திருக்கிறார். சென்ற குளிர்காலத்தில் அந்த வண்டியில் நாங்கள் மணாலிக்குச் சென்றபோது, மலைப்பாதையில் ஓட்டும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடம் வந்து சேர்ந்தது.

தில்லியிலிருந்து மணாலி வரையிலான ஏறத்தாழ 530 கிலோமீட்டரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கீரத்பூருக்கு அப்பால் புதிய நால்வழிச் சாலை வந்தபின், இத்தகைய வண்டியில் அது களைப்பே தெரியாத பயணம். சோதனை தொடங்குவது மணாலியைத் தாண்டி, சோலங்கிலிருந்து அடல் சுரங்கத்தின் தெற்கு வாயிலை நோக்கி ஏறும் சாலையில்தான்.

ஏற்றத்தில் க்யூ7 என்னை வியக்கவைத்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. இதன் நான்கு சக்கர இயக்க அமைப்பான ‘குவாட்ரோ’ சாதாரண நேரத்தில் விசையை முன்னச்சுக்கு 40, பின்னச்சுக்கு 60 என்ற விகிதத்தில் பிரித்துத் தருகிறது. ஓர் அச்சின் சக்கரங்கள் வழுக்கத் தொடங்கினால், ஓட்டுநர் உணருமுன்பே விசையின் பெரும்பகுதி மற்ற அச்சுக்குப் போய்விடுகிறது. காற்றுச் சஸ்பென்ஷனை உயர்த்தி, ஆஃப்ரோடு முறையில் வைத்து, ஆக்சிலரேட்டரை இறகுபோல் மிதித்தால் போதும். முன்சக்கர இயக்கம் கொண்ட ஒரு சிறிய கார் அதே வளைவில் சக்கரம் சுழன்று, பனியைச் சேறாக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. நாங்கள் அதைச் சுற்றிக்கொண்டு எளிதாக மேலேறினோம். “அத்தான், இது குவாட்ரோ. தைரியமாக மிதியுங்கள்” என்றார் மைத்துனர்.

சிக்கல் அந்தத் தைரியத்தில்தான் இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் இஞ்சினின் விசையை நான்கு சக்கரங்களுக்குப் பகிர்ந்து தருவதற்கான ஏற்பாடு. வண்டியை நிறுத்துவதில் அதற்குப் பங்கு மிகக் குறைவு. பிரேக் என்பது எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது. எனவே நிறுத்தும் நேரத்தில் கோடி ரூபாய் வண்டியும் சாதாரண ஹேட்ச்பேக்கும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை அழுத்தியபின் சுமார் 9 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில், டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பின் அளவான உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.2 ஆகக் குறைவதால் அதே வண்டிக்கு 30 மீட்டருக்கு மேல் வேண்டும். கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் 60 மீட்டரைத் தாண்டும். ஏற்றத்தில் வண்டி காட்டும் அந்த லாகவம், கீழே எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்ற செய்தியை ஓட்டுநரிடமிருந்து மறைத்துவிடுகிறது. சிறிய காரின் ஓட்டுநருக்குச் சக்கரம் சுழலும்போதே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. நமக்கு முதல் எச்சரிக்கை வளைவில் பிரேக் மிதிக்கும்போதுதான் வருகிறது.

அடல் சுரங்கமும் இந்த மயக்கத்துக்குத் துணைபோகிறது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட இந்த 9.02 கிலோமீட்டர் சுரங்கம், கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் இருந்தாலும், உள்ளே உலர்ந்த சாலை, நேரான பாதை, நல்ல வெளிச்சம். மணிக்கு 80 கிலோமீட்டர் வரை செல்லும்படி வடிவமைக்கப்பட்டது. வடக்கு வாயிலைத் தாண்டியதும் லாஹௌல் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாக விரிகிறது. பலரும் அந்தக் காட்சியில் மனத்தைப் பறிகொடுத்தபடி, சுரங்கத்துக்குள் வந்த வேகத்திலேயே சிஸ்ஸு கிராமத்தை நோக்கிய பனிச்சாலையில் இறங்கிவிடுகிறார்கள்.

திரும்பி வருகையில், தெற்கு வாயிலிலிருந்து சோலங் நோக்கி இறங்கும் பாதையில் மலைநிழல் விழுந்த ஒரு வளைவு இருந்தது. வெயில் பட்ட இடங்களில் பனி உருகிச் சாலை கறுத்துக் கிடக்க, நிழலில் மட்டும் அந்த நீர் மறுபடி உறைந்து, தாரின் நிறத்திலேயே மின்னிக்கொண்டிருந்தது. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இருக்காது. பிரேக்கைத் தொட்டதும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பாதத்தின் கீழ் கடகடவென்று அதிர்ந்தது; ஸ்டியரிங் திடீரென்று எடையற்றுப் போனது; இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி தன் விருப்பப்படி வெளிப்பக்கம் ஒதுங்கியது. காலை எடுத்ததும் முன்சக்கரம் மீண்டும் சாலையைப் பற்றிக்கொண்டது. அதன்பின் மைத்துனர் மிதிக்கச் சொல்லவில்லை.

இறக்கத்தில் இந்த வண்டிகளுக்கு உள்ள உண்மையான அனுகூலம் இரண்டு. கியரை நாமே குறைத்து வைத்தால், இஞ்சினின் தடுப்பு விசை நான்கு சக்கரங்களுக்கும் பரவுவதால் எந்த ஒரு சக்கரமும் எளிதில் வழுக்குவதில்லை. மற்றொன்று இறக்கக் கட்டுப்பாட்டு வசதி. அது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பிரேக்கால் பிடித்தும் விட்டும் வண்டியை ஊர்ந்து இறங்கவைக்கிறது. நம் கால் அவசரப்படும் இடத்தில் அது அவசரப்படுவதில்லை. ஆனாலும், டயரில் இல்லாத பிடிப்பை எந்தக் கணினியும் உண்டாக்கித் தரமுடியாது.

டயரைப் பற்றித்தான் நம்மூரில் யாரும் பேசுவதில்லை. இங்கே விற்கப்படும் சொகுசு எஸ்யூவிகள் பெரும்பாலும் நெடுஞ்சாலைக்கான அகலமான டயர்களோடு வருகின்றன. கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். குளிர்கால டயரின் ரப்பரோ குளிரிலும் இளக்கமாக இருக்கும். அதன் பள்ளங்களுக்கிடையே உள்ள நுண்ணிய வெட்டுகள் பனியைக் கவ்விப் பிடிக்கும். பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலைக்குள் பனித்துகள் பொறித்திருந்தால் அது சோதித்துத் தேர்ந்த குளிர்கால டயர். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், பனிச்சாலையில் செல்ல இந்தச் சின்னம் கட்டாயம். சேற்றையும் பனியையும் குறிக்கும் வெறும் ‘எம் பிளஸ் எஸ்’ எழுத்துகள் போதாது. ஆடி நிறுவனத்தின் தாய்நாட்டிலேயே குவாட்ரோவை நம்பி யாருக்கும் விலக்கு அளிக்கவில்லை. ஆனால் வருடத்தில் சில நாட்கள் பனியைப் பார்க்கும் தில்லிக்காரர் நான்கு குளிர்கால டயர் வாங்குவது வீண் செலவு என்றே நினைக்கிறேன். நம் மே மாத வெயிலில் அந்த மெத்தென்ற ரப்பர் விரைவில் தேய்ந்துவிடும்.

மிஞ்சுவது, பனியில் பிடிப்புக்காக டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி. மணாலியில் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் பெரிய ரிம்மும் ஒல்லியான பக்கச்சுவரும் கொண்ட டயர்களில் சங்கிலிக்கும் உட்புறப் பாகங்களுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. எந்த அளவுச் சக்கரத்தில், எந்த அச்சில் மாட்டலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளாமல் பொதுவான சங்கிலியைப் பூட்டினால் பிரேக் குழாய்க்கே ஆபத்து. உள்ளூர் ஓட்டுநர்களின் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்புகள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவை: ஏறத்தாழ ஒரு டன் எடை, பனியை அறுத்துக்கொண்டு தரையைத் தொடும் ஒல்லியான டயர், சங்கிலி மாட்டத் தாராளமான இடம். பனி கொட்டும் நாட்களில் போலீஸார் சாதாரணக் கார்களைத் தடுத்துவிட்டு, நான்கு சக்கர இயக்க வண்டிகளை மட்டும் மேலே அனுமதிப்பதுண்டு. க்யூ7க்கு அந்த அனுமதி கிடைக்கும். ஆயினும் அப்படிப்பட்ட நாளில் நான் அதைக் கீழே நிறுத்திவிட்டு ஜிப்ஸியில்தான் ஏறுவேன். 2024 டிசம்பரில் சோலங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே நூற்றுக்கணக்கான வண்டிகள் சிக்கிக்கொண்டதைச் செய்தியில் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சொகுசுக்குரிய மின்னணு வசதிகளில் சில பனியில் கண்ணை மூடிக்கொள்கின்றன. முன்செல்லும் வண்டியோடு இடைவெளி காக்கும் குரூஸ் வசதி உள்ள வண்டிகளில், முன்புற ரேடாரில் பனிச்சேறு அப்பியதும் அது தன்னால் இயலாது என்று திரையில் அறிவித்துவிடும். எல்இடி விளக்குகளின் முன்புறம் பழைய ஹாலோஜன்போல் சூடேறாததால், அவற்றில் படியும் பனியை நாமே துடைக்க வேண்டும். இருக்கைச் சூடேற்றியைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

இரவு நிறுத்தும்போது, சமதளமாக இருந்தால் கியரை ‘பி’யில் வைத்துவிட்டு, மின்னணுக் கைப்பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளாதபடி விடுவித்து வைக்கலாம்; இல்லாவிட்டால் ஈரமான பிரேக் கட்டைகள் டிஸ்கோடு சேர்ந்து உறைந்துவிடும் வாய்ப்புண்டு. வைப்பர்களைத் தூக்கி நிறுத்திவைக்க வேண்டும். கண்ணாடி கழுவும் தொட்டியில் தில்லிக் குழாய்த் தண்ணீர் இருந்தால், மலையேறுமுன் அதை வெளியேற்றி உறையாத திரவத்தை நிரப்பிவிடுங்கள். க்யூ7 போன்ற வண்டிகளில் வைப்பரைத் தூக்குவதற்கென்று மெனுவில் தனியாக ஒரு சர்வீஸ் நிலை இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு தேநீர் ஆறும் நேரம் பிடித்தது.