40 மணித்தியாலம்

ஒன்ராறியோவில் உயர்பள்ளியை முடிக்கிற பிள்ளைகள் 40 மணித்தியாலம் தொண்டு வேலை செய்து காட்டவேண்டும். மகள் பிடித்தது ஹமில்ரன் விமான நிலையத்தில் இருக்கிற பழைய போர் விமான அருங்காட்சியகம். கொண்டுபோய் விட்டுவிட்டு மூன்று மணித்தியாலம் காருக்குள் குந்தியிருக்க முடியுமா? நானும் உள்ளே போனேன்.

உள்ளே நிற்பது அவ்ரோ லங்காஸ்ரர், இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் குண்டுவீச்சு விமானம். இறக்கை நுனிக்கு நுனி 102 அடி. பறக்கிற நிலையில் உலகத்தில் இரண்டுதான் மிச்சம், மற்றது இங்கிலாந்தில். அவ்ரோ என்ற பெயரே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஊரில் போர் நடந்தபோது எங்கள் தலைக்கு மேல் பறந்த அவ்ரோ வேறு ரகம்தான். பொம்மர் சத்தத்துக்குப் பங்கருக்குள் பாய்ந்து பழகிய உடம்புக்கு அந்த வித்தியாசம் எங்கே விளங்கும்!

"குண்டு போட்ட சாமானையா துடைக்கப் போறாய்?"

"அம்மா, மெல்லக் கதையுங்கோ."

துடைக்கத்தான் விட்டார்கள். இதன் நாலு மெர்லின் எஞ்சின்களும் சும்மா நின்றாலும் ஒயில் சொட்டும். அடியில் தட்டு வைப்பார்கள். தட்டுக்குத் தப்பியது சில்லில் விழும். பழந்துணியால் சில்லுத் துடைப்பது என் முதல் வேலை. சொல்லித் தந்தவர் எழுபது தாண்டிய வெள்ளைக்காரப் பெண். பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார். எனக்கு வாய் வரவில்லை. அன்ரி என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார், பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் உள்ளே ஏற்றிக் காட்டினார். இறக்கையின் உத்தரம் குறுக்கே கிடக்கிறது. அதில் ஏறி இறங்கித்தான் முன்னுக்குப் போகவேண்டும். சுவர் முழுக்க ரிவெட், தகடுகளைப் பிணைக்கிற ஆணி. ஒன்றை இறுக்க இரண்டு பேர் வேண்டுமாம்: வெளியே ஒருவர் அடிக்க, உள்ளே மற்றவர் இரும்புக் கட்டியை எதிரே அழுத்திப் பிடிக்கவேண்டும். இதைக் கட்டிய தொழிற்சாலையில் நிறையப் பெண்கள் வேலை செய்தார்கள். இது 1945இல் மோல்ரனில் கட்டப்பட்டது. மோல்ரன் விமான நிலையம்தான் இன்றைய ரொறன்ரோ பியர்சன் விமான நிலையம். நாங்கள் பெட்டிகளோடு வந்திறங்கிய அதே இடம்!

போருக்குப் பிறகு கொடரிச் நகரில் தூணின்மேல் நினைவுச்சின்னமாக மழையிலும் பனியிலும் நின்றதை 1977இல் எடுத்து, 1988இல் திரும்பப் பறக்கவிட்டார்கள். 11 வருடம். எங்கள் குடியுரிமை அதைவிடக் கெதியில் கிடைத்துவிட்டது.

மகளின் 40 மணித்தியாலம் மாசியில் முடிந்தது. என் மணித்தியாலங்களை யாரும் எண்ணவில்லை, சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருக்கிறேன். கோடையில் முதல்முறை எஞ்சின்களை இயக்கியபோது காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். நாலாவதும் பிடித்ததும் நிலம் அதிர்ந்தது; கால் ஓடப் பார்த்தது. அன்ரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஏன் என்று கேட்கவில்லை. அது மேலே எழும்பிப் போன பிறகு பார்த்தால், நின்ற இடத்தில் நாலு ஒயில் கறை.